நாரைக்குக் கவுல் எழுதிய ஜில்லா

பறவை பார்க்கப் போயிருந்தேன் என்று சொன்னதும் தோழர்கள் சிரித்தார்கள். 'கவிஞர் கெட்டுப்போயிட்டாருப்பா' என்றார் ஒருவர். 'பைனாகுலர் வாங்கிட்டியா, அடுத்து நாய் வளக்கணுமே' என்றார் இன்னொருவர். சிரிக்கட்டும். பறவை பார்ப்பது மயிலாப்பூர்க்காரன் வேலை, நமக்குக் கூலி உயர்வும் சுடுகாட்டுப் பாதையும்தான் என்று நாமே கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்ட அடிமைச் சாசனம் ஒன்று இருக்கிறது. அதைக் கிழிக்கத்தான் இதை எழுதுகிறேன். ஏரியை வெட்டியவன் நாம், கரை கட்டியவன் நாம், மடை திறந்தவன் நாம். அந்த ஏரியில் வந்து இறங்குகிற நாரை மட்டும் எப்படி அவன் விவகாரம் ஆகும்?

மார்கழிக் கடைசி ஞாயிறு. ஒரு பறவை நோக்கர் குழுவோடு வேனில் போனேன். மதுராந்தகம் தாண்டி உள்ளே திரும்பினால் வேடந்தாங்கல். ஏரி ஒன்றும் பெரியதில்லை, ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். கரைமேல் ஏறி நின்றபோது பனி இன்னும் விலகவில்லை. நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. முதலில் தெரிவது பறவையில்லை, நாற்றம். மீன் நாற்றமும் எச்சத்தின் நெடியும் கலந்து மூக்கில் ஏறும். அப்புறம் சத்தம். நாரைக்குக் குரல் கிடையாது, அலகைத்தான் தட்டும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கொட்டாங்கச்சி தட்டுகிற மாதிரி இருக்கிறது. பனி விலக விலக மரம் முழுக்க வெள்ளை. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன். நீர்க்காகம் றெக்கையை விரித்து, கொடியில் போட்ட கறுப்புச் சட்டை மாதிரி காயவைத்துக்கொண்டிருக்கிறது. கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தேன். பஞ்சாயத்து லாரி மேட்டிலிருந்து இறங்குகிற அதே நிதானம். தண்ணீரில் மிதக்கிற கறுப்புக் கோழியைக் காட்டி 'நாமக்கோழி' என்றார் எங்களைக் கூட்டிப்போனவர். நெற்றியில் வெள்ளைப் பட்டை இருக்கிறது, அதனால் அந்தப் பெயர். போகிற இடத்திலெல்லாம் நாமம் போட்டு வைத்திருக்கிறான் பாருங்கள்!

அத்தனையும் சைபீரியாவிலிருந்து வந்தவை என்று பக்கத்தில் ஒரு அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியில்லை. ஊசிவால் வாத்து மாதிரி சில வாத்துகள்தான் இமயத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகின்றன. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நாரைகள் உள்நாட்டுக்காரர்கள். மழை பெய்து ஏரி நிரம்பினால் வரும், வற்றினால் போய்விடும். இதற்கு 'வலசை' என்று அழகான சொல் இருக்கிறது. இதே மார்கழி தையில் திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் ஒரிசாவிலிருந்தும் முன்பணம் வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டு, திருவள்ளூர் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்களே, அதற்கு அழகான சொல் எதுவும் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேடந்தாங்கலைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டர் லியோனல் பிளேஸ், இந்த ஏரியில் பறவையைத் தொடக்கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858இல் அந்தக் கவுலைப் புதுப்பித்தார்கள். 1936இல் சரணாலயம் என்ற அங்கீகாரம், 1972இல் வனவிலங்குச் சட்டம், 2022இல் ராம்சார் பட்டியலில் இடம். தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர். படிக்கும்போது கண் கலங்குகிற மாதிரிதான் எழுதுகிறார்கள்.

எனக்கும் கலங்கியது. ஆனால் ஒரு சொல்லில் கல் தட்டியது. 'ஊர்மக்கள்.' தமிழ்நாட்டில் ஊர் என்றால் என்ன, சேரி என்றால் என்ன என்று தெரியாதவன் யாராவது உண்டா? 'ஊருக்குள்ள போயிட்டு வரேன்' என்று நம்ம ஆயா சொன்னால் அவள் குடியிருக்கிற இடம் ஊர் இல்லை என்றுதான் அர்த்தம். 1798இல் கலெக்டர் கச்சேரிக்கு நேராகப் போய் நின்று முறையிடக்கூடிய 'ஊர்மக்கள்' யாராக இருந்திருக்க முடியும்? பிளேஸ் காலத்துச் செங்கல்பட்டில் கும்பினி பேசியது மிராசுதாரோடு. நிலம் மிராசுதாருடையது, தரிசு மிராசுதாருடையது, சேரிக்காரன் குடிசை நிற்கிற மனைகூட மிராசுதாருடையது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் உரம், அது பாய்ந்தால் நெல் விளையும். இதுதான் பறவையைக் காத்ததற்குப் பொருளாதாரக் காரணம் என்று எல்லோருமே எழுதுகிறார்கள். சரி. யாருடைய நெல்? அதை மட்டும் எழுத மாட்டார்கள்.

பிளேஸ் துரையைப் பற்றி இன்னொரு கதையும் அதே வட்டாரத்தில் உண்டு. மதுராந்தகம் பெரிய ஏரி அடைமழையில் உடையப் பார்க்கிறது. துரை ராத்திரியில் கரைக்குப் போகிறார். வில்லேந்திய இரண்டு பேர் கரையைக் காவல் காக்கிறார்கள். ராமரும் லட்சுமணரும்! துரை விழுந்து கும்பிட்டு, கோயிலில் தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார். அதனால் அங்கே சாமிக்குப் பெயர் ஏரி காத்த ராமர். இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பறவையைக் காத்தவர் ஊர்மக்கள். கரையைக் காத்தவர் ராமர். அடைமழை ராத்திரியில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, உடைப்பெடுத்த இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மண் போட்டவன் எங்கே? அவன் கதையிலேயே இல்லை. ஒருவேளை துரை அந்த ராத்திரி நிஜமாகவே இரண்டு பேரைப் பார்த்திருக்கலாம். கையில் இருந்தது வில்லா, மண்வெட்டிக் காம்பா என்று இருட்டில் தெரிந்திருக்காது.

கரையோரத்தில் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தேன். 'இன்னா சார், குருவி பாக்க வந்தீங்களா?' என்று ஆரம்பித்தார். பக்கத்து ஊராம். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று சுற்றி வளைத்து அவர் கேட்டு, நான் சொன்ன பிறகு 'சார்' போய் 'தம்பி' வந்தது.

'எங்க நைனா நீர்க்கட்டி, தம்பி. எங்க ஊரு ஏரிக்கு மட தொறக்கறது, மூடறது எல்லாம் அவரு கைதான். மழ காலத்துல ராவு பகல் கெடையாது. லாந்தரு புடிச்சிகினு கரமேலயே கெடப்பாரு. நண்டு வளை எங்க கீது, எலி பொந்து எங்க கீதுன்னு கால வெச்சே சொல்லுவாரு.'

'கூலி?'

'நெல்லுதான். அறுப்புக் களத்துல எல்லாருக்கும் அளந்தப்புறம் கடசியா அளப்பாங்க. நின்னு வாங்கணும், கிட்ட போவக்கூடாது.'

குருவி வந்து இறங்கினால் தண்ணீர் உரமாகும் என்று அப்போது தெரியுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

'நல்லா கேட்ட போ. தண்ணி பச்ச கட்டுனா குருவி எச்சம் எறங்கிருச்சின்னு அர்த்தம். அத எந்த மடையில மொதல்ல வுடணும், எத்தினி நாழி வுடணும்னு எங்க நைனாக்குத்தான் தெரியும். ஆண்ட வூட்டுக்கு இன்னா தெரியும்? வெளைஞ்சா அறுக்கத் தெரியும். எங்களுக்கு அந்தத் தண்ணி பாய ஒரு குழி நெலம் இல்ல. டி.சி. நெலம் இருந்துச்சின்னு ஆயா சொல்லும். எங்க தாத்தா காலத்துலயே நெல்லுக்கு வாங்குன கடன்ல போச்சாம்.'

கிழங்குக்குக் காசை எண்ணி வாங்கிக்கொண்டார். நம்மாள் என்பதற்காக ஒன்று கூடப் போட்டார்.

நீர்க்கட்டி, கம்புகட்டி, மடையன் என்று வட்டாரத்துக்கொரு பெயரில் ஏரிப் பாசனத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். ஏன் தலித்திடம் கொடுத்தான் தெரியுமா? நிலம் இல்லாதவன் என்றால் தன் வயலுக்கு முதலில் திருப்பிக்கொள்ள மாட்டான். நிலம் இல்லாமல் வைத்திருந்ததுதான் அவனுடைய தகுதி! அந்த வேலைக்காரன் பெயர் இன்றைக்கு என்னவாக வழங்குகிறது பாருங்கள். 'மடையன்' என்றால் முட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திட்டுகிறார்.

அந்தப் பெரியவர் சொன்ன டி.சி. நிலத்துக்கு வருவோம். மாணவத் தோழர்களுக்காகக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 1891இல் இதே செங்கல்பட்டு ஜில்லாவில் பொறுப்புக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். மனை சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம், தரிசு கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை என்று புட்டுப் புட்டு வைத்தார். அதன் விளைவாகத்தான் 1892 செப்டம்பர் 30 அரசாணை. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். அதுதான் டி.சி. நிலம், நாம் சொல்கிற பஞ்சமி நிலம். பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டும்தான் விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று மேடைகளில் நாம் சொல்கிற கணக்கு இதுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரே ஜில்லா. நாரைக்குக் கவுல் 1798இல். பறையனுக்குக் காகிதம் 1892இல். தொண்ணூற்று நான்கு வருசம் நாம் நாரைக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். நாரையின் கவுலைப் புதுப்பித்தார்கள், நீட்டினார்கள், சட்டமாக்கினார்கள், உலகப் பட்டியலில் ஏற்றினார்கள். நம் காகிதம் என்ன ஆனது? பத்து மூட்டை நெல்லுக்கும், கல்யாணக் கடனுக்கும், மிரட்டலுக்கும், கள்ளப் பத்திரத்துக்கும் போனது. திருப்பிக் கேட்டு மாமல்லபுரத்துக்குப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலையை அகற்றினார்கள். அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். சுடாதே என்று நாரைக்குக் கவுல் எழுதிக் கொடுத்த ஜில்லாவில், 196 வருசம் கழித்து, நிலம் கேட்டவனைச் சுட்டார்கள்.

பேங்க் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பயிர்க்கடன் என்று வந்து நிற்பவனிடம் நாங்கள் முதலில் கேட்பது மழை பெய்ததா என்று அல்ல. பட்டா எங்கே, சிட்டா எங்கே, அடங்கல் எங்கே. 'நெலம் எங்க தாத்தாது சார், காயிதம்தான் அவங்க பேர்ல கீது' என்று சொல்கிறவனுக்கு நிரப்பிக் கொடுக்க என்னிடம் படிவம் இல்லை. காகிதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த 1798 கவுலைப் பற்றிப் படிக்கும்போது மற்றவர்களுக்கு வருகிற மெய்சிலிர்ப்பு எனக்கு வரவில்லை. பொறாமைதான் வந்தது. ஆமாம், நாரையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். சொல்ல வெட்கமில்லை.

எச்சத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். கரைமேல் நின்ற அத்தனை பேரும் பக்தியோடு பேசிய விஷயம் அது. பறவை ஏரியில் எச்சமிட்டால் உரம். 1927 மார்ச் 20இல் மகாட் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தில் மாடு குடிக்கலாம், பறவை குடிக்கலாம், தீண்டப்படாத மனிதன் மட்டும் குடிக்கக்கூடாது. அவர் போன பிறகு சாதி இந்துக்கள் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் குடம் குடமாக ஊற்றிக் குளத்தைப் 'புனிதப்படுத்தினார்கள்'. நாரை எச்சம் உரம், மாட்டு மூத்திரம் தீர்த்தம், மனுசன் கை தீட்டு. இது அன்றைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் நம் ஜனம் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. இரண்டு வருசத்துக்கு மேல் விசாரித்து, 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை வைத்தது அதே தலித் தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மேல். எவனுடைய பீ எவன் தண்ணீரில் விழலாம் என்பதற்கு இந்த நாட்டில் மனு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது.

இதில் ஒரு பகுதியை அங்கேயே, இட்லிப் பொட்டலம் பிரித்த நேரத்தில், குழுவில் சொன்னேன். நல்ல மனிதர்கள்தான். முகம் மாறிவிட்டது. 'இயற்கையில் சாதி கிடையாது சார். இங்க வந்துமா?' என்றார் ஒருவர். அவர் கையில் இருந்த பறவைப் புத்தகத்தை வாங்கிப் பருந்துப் பக்கத்தைப் பிரித்தேன். ஊருக்கு மேலே குப்பை தேடி வட்டமிடுகிற பருந்துக்கு இங்கிலீஷ் பறவைப் புத்தகங்களில் பழைய பெயர் 'பறையா கைட்'. சலீம் அலியின் 1941ஆம் வருசப் புத்தகத்திலேயே அதுதான் பெயர். செம்பருந்துக்கு 'பிராமினி கைட்'. இரண்டும் செத்த மீனைத் தின்னும், இரண்டும் கழிவைப் பொறுக்கும். ஒன்றைப் பார்த்தால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறான், இன்னொன்றைக் கல்லால் அடிக்கிறான். அப்புறம் நாகரிகம் வந்தது, பெயரை மாற்றினார்கள். எந்தப் பெயரை? 'பறையா' போய் 'பிளாக் கைட்' ஆனது. பறையனை எடுத்துவிட்டுக் கறுப்பன் என்று வைத்தார்கள். பிராமினி பிராமினியாகவே இருக்கிறது, இன்றைக்கு அச்சாகிற புத்தகத்திலும். இயற்கையில் சாதி கிடையாதுதான் சார். இயற்கைக்குப் பெயர் வைக்கிறவனிடம் இருக்கிறது.

வேடந்தாங்கல் என்ற பெயருக்கே வேடர்கள் தங்கிய இடம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். (தாங்கல் என்றால் சிறு ஏரி என்றும் அர்த்தமுண்டு.) வேடர் எங்கே போனார்? குருவிக்காரர் என்று பறவையின் பெயரையே சாதிப் பெயராகச் சுமக்கிற ஜனம், வலையைத் தொட்டால் குற்றவாளி. பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை காத்திருந்தார்கள். எந்தக் குருவி எந்தப் புதரில் முட்டையிடும் என்று அவர்களைவிடத் தெரிந்தவன் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறான்?

அடுத்த மாதம் பள்ளிக்கரணைக்குப் போகலாம் என்று திரும்பும்போது வேனில் பேசிக்கொண்டார்கள். பூநாரை வருமாம். அங்கேயும் சேரி உண்டு, 'ஆக்கிரமிப்பு' என்ற பெயரில். கூவம் ஓரமும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை, அதிலும் பெரும்பாலும் நம் ஜனத்தை, நதியைச் சுத்தப்படுத்துகிறோம் என்று பெயர்த்தெடுத்து எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்? 2000இல் தொடங்கிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அந்தச் சதுப்பு நிலத்தின் விளிம்பிலேயேதான். ஒருபக்கம் பெருங்குடிக் குப்பை மேடு, இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் இவர்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தபோது அங்கே இருந்தது இவர்கள். பள்ளிக்கரணையும் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறிவிட்டது. நல்லது. இனி அந்த நிலத்தைக் காப்பதாகச் சொல்லி முதல் நோட்டீஸ் யார் வாசலில் ஒட்டப்படும் என்று பார்த்துக்கொண்டிருங்கள். ஐ.டி. கம்பெனிக் கேட்டில் ஒட்டினால் நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

2020இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் எல்லையை மூன்றாகச் சுருக்க வனத்துறை யோசனை வைத்தபோது ஊரெல்லாம் கொதித்தது. கொதித்தது சரி. நாமும் கொதித்திருக்க வேண்டும். மருந்துக் கம்பெனிக்கும் வீட்டுமனைக்காரனுக்கும் எல்லை சுருங்கினால் முதலில் வேலை போவது ஏரியை நம்பிய கூலிக்காரனுக்கு. ஆனால் நாரையின் ஐந்து கிலோமீட்டருக்குக் குரல் கொடுத்த அந்தப் படித்த ஜனத்தில் எத்தனை பேருக்குக் காரணை எங்கே இருக்கிறது என்று தெரியும்? அதே ஜில்லாதானய்யா. பஸ் இருக்கிறது.

எனவே 'நமக்கெதுக்குப்பா குருவி' என்கிற தோழர்களோடுதான் என் சண்டை முதலில். குருவியை அவனிடம் விட்டால் ஏரியை விட்டதாகும். ஏரியை விட்டால் கரை, மடை, மீன் குத்தகை, ஏரிக்குக் கீழே இருக்கிற நிலம் எல்லாம் போகும். அவன் எழுதுகிற சுற்றுச்சூழல் வரலாற்றில் நாம் ஒன்று ஆக்கிரமிப்பாளர், இல்லையென்றால் யாருமே இல்லை. நீர்க்கட்டிகளில் மிச்சமிருக்கிற கிழவர்கள் சாவதற்குள் அவர்களை உட்காரவைத்து எழுதியெடுக்க வேண்டும். எந்த ஏரி, எத்தனை மடை, எத்தனை மரக்கால் நெல், எந்தப் பறவை எந்த மாதம், எல்லாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கிராமத்து ஏரிக்குக் கீழே இருக்கிற சர்வே எண்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீசில் பழைய 'அ' பதிவேட்டில் அந்த எண்களுக்கு எதிரே டி.சி. என்று குறிப்பு இருக்கிறதா, இன்றைக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் போதும். பதிவேடு செல்லரித்துவிட்டது என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் பத்திரமாக வையுங்கள். மீன் குத்தகை ஏலம் கடைசி ஐந்து வருசத்தில் யாருக்குப் போனது என்று இன்னொரு மனு. பங்குனியில் ஏரி வற்றி வாத்தெல்லாம் கிளம்புவதற்குள் ஐந்து கிராமத்துக்காவது நகல் வந்துவிட வேண்டும். மனு எழுத வராதவர்கள் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். படிவம் நிரப்புவதுதான் என் தொழில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கை சும்மாதான் இருக்கிறது.